கல்லூரியில் கடை விரிக்கிறார்கள்!

உங்கள் பெண்ணோ பிள்ளையோ கல்லூரியில் படிக்கிறார்களா? அப்படியானால் அவர்கள் மேஜையில் கிடக்கும் புத்தகங்களை ஒரு நாள் புரட்டிப் பாருங்கள். 'தொழில் முனைவு' என்று ஒரு பாடம் கண்ணில் பட்டாலும் படும். சொந்தமாக ஒரு தொழிலைத் தொடங்கி நடத்துவது எப்படி என்று சொல்லித் தரும் பாடம் அது. நல்ல காரியந்தானே என்று சந்தோஷப்படுவீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள்! பரீட்சைக் கேள்வித் தாளையும் பார்த்து விடுங்கள். 'தொழில் முனைவோரின் குணங்கள் பத்தினை விவரி' என்று இருக்கும். நம் பெண்ணும் பத்துக் குணங்களையும் நெட்டுருப் போட்டு எழுதி, நல்ல மார்க்கும் வாங்கி விடுவாள். ஆனால், நூறு ரூபாய்ச் சாமானை அவள் கையில் கொடுத்து, "முன்பின் தெரியாத ஒருவரிடம் இதை விற்றுவிட்டு வா, அம்மா!" என்று சொல்லிப் பாருங்கள். வாசற்படியைத் தாண்டமாட்டாள்! ரசத்துக்கு வேண்டிய சாமான்களை வரிசையாக எழுதத் தெரிந்தவளுக்கு, அது நுரைத்து வரும் சமயம் பார்த்து இறக்கத் தெரியாவிட்டால் என்ன பிரயோசனம்?

இதை வேடிக்கையாக நினைத்து விட்டுவிட முடியாது. படிப்பு முடிந்ததும், "உத்தியோகம் வேண்டாம், அப்பா. சொந்தத் தொழில் தொடங்கப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை வந்து நின்றால், முதல் எங்கிருந்து வரும்? அப்பாவின் சேமிப்பிலிருந்து வரும். இல்லாவிட்டால் அம்மாவின் வளையலிலிருந்து வரும். அவன் செய்யும் முதல் தவறு நம் வீட்டுச் செலவில் நடக்க வேண்டுமா, கல்லூரிக்குள்ளேயே சில நூறு ரூபாயோடு நடந்து முடிய வேண்டுமா? கேள்வி இதுதான்.

உறைக்குள் ஐந்து டாலர்

இந்தப் பாடம் நேற்று முளைத்ததல்ல. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, 1947-ல் ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் மைல்ஸ் மேஸ் என்ற பேராசிரியர் புதுத் தொழில் நடத்துவதைப் பற்றி வகுப்பு ஆரம்பித்தார். 188 மாணவர்கள் சேர்ந்தார்கள். அன்று முதல் ஆசிரியர்களுக்கு ஒரே தலைவலி: இந்த வித்தையை நாற்காலியில் உட்கார வைத்துச் சொல்லித் தர முடியுமா?

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் டினா சீலிக் என்ற ஆசிரியை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மாணவர்களைச் சிறு கோஷ்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஓர் உறையைக் கொடுத்தார். உறைக்குள் ஐந்து டாலர். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். ஆனால் உறையைப் பிரித்த பிறகு இரண்டே மணி நேரந்தான். அதற்குள் எவ்வளவு சம்பாதிக்க முடியும்? பிறகு வகுப்பில் மூன்று நிமிஷம் எழுந்து நின்று, தாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும்.

என்ன நடந்தது தெரியுமா? ஒரு கோஷ்டி சைக்கிள்களின் டயர்களை இலவசமாகச் சோதித்து, காற்றடிக்க ஒரு டாலர் வாங்கியது. பாதியில், "கட்டணம் வேண்டாம், இஷ்டப்பட்டதைக் கொடுங்கள்" என்று மாற்றினார்கள். வரும்படி கூடிவிட்டது! இன்னொரு கோஷ்டி, கூட்டம் அலைமோதும் ஹோட்டல்களில் முன்கூட்டியே மேஜை பதிவு செய்து, காத்திருக்க மனமில்லாதவர்களுக்கு அந்த இடத்தை விற்றது.

எல்லோரையும் மிஞ்சிய கோஷ்டிக்குக் கிடைத்தது 650 டாலர். அவர்கள் ஐந்து டாலரைத் தொடவே இல்லை. வகுப்பில் தங்களுக்குக் கிடைக்கும் அந்த மூன்று நிமிஷத்தையே, ஸ்டான்போர்டு மாணவர்களை வேலைக்கு எடுக்க ஆசைப்பட்ட ஒரு கம்பெனிக்கு விளம்பர நேரமாக விற்றுவிட்டார்கள்! 'முதல்' என்றால் பணம் மட்டுந்தான் என்று நினைத்தவர்களுக்கு, இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகம் புரிய வைக்கும்?

கடனும் கணக்கும்

இரண்டு மணி நேரத்தில் சாமர்த்தியம் தெரியும், பொறுமை தெரியாது. பாஸ்டன் நகரத்துக்கு அருகிலுள்ள பாப்ஸன் கல்லூரியில் அதையும் சோதித்து விடுகிறார்கள். அங்கே முதல் வருஷ மாணவர்கள் கோஷ்டியாகச் சேர்ந்து நிஜமாகவே ஒரு தொழில் தொடங்க வேண்டும். முதலுக்குக் கல்லூரியே சில ஆயிரம் டாலர் கடன் தருகிறது. சரக்கு வாங்கி, விற்று, கணக்கு எழுதி, வருஷக் கடைசியில் கடையைக் கட்ட வேண்டும். கடனை அடைத்தது போக மிஞ்சும் லாபம் தர்ம காரியத்துக்குப் போகிறது.

பின்லாந்து தேசத்தில் யூவாஸ்கூலா என்ற ஊர்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 1993-ல் யொஹான்னஸ் பார்ட்டனன் என்ற ஆசிரியர் அங்கே 'டீமிஅகடெமியா' என்ற பிரிவைத் தொடங்கினார். அங்கே சேரும் மாணவர்கள் ஒரு கூட்டுறவு ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, நிஜமான வாடிக்கைக்காரர்களுக்கு வேலை செய்து கொடுத்தே பட்டம் பெறுகிறார்கள். முன்னால் நின்று பிரசங்கம் செய்யும் ஆசிரியர் கிடையாது. கூடவே இருந்து கேள்வி கேட்டு வழி காட்டுகிறவர்தான் உண்டு.

நூறு பேரைக் கேள்

சரி, நிஜமாகக் கடை போட்டுவிட்டால் போதுமா? போதாது. யாருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் கடை போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. ஸ்டீவ் பிளாங்க் என்பவர் 2011-ல் ஸ்டான்போர்டில் தொடங்கிய வகுப்பில் முதல் பாடமே, 'கட்டடத்தை விட்டு வெளியே போ' என்பதுதான். அதே வருஷம் அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய விஞ்ஞான நிறுவனம் இந்த முறையை எடுத்துக்கொண்டது. அந்தப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு கோஷ்டியும் ஏழு வாரத்தில் நூறு பேரையாவது நேரில் கண்டு பேச வேண்டும்.

எப்படிப் பேசுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் வீட்டு உதாரணமே போதும். உங்கள் பெண் பருப்புப் பொடி செய்து விற்க ஆசைப்படுகிறாள். அடுத்த வீட்டு மாமியிடம் ஒரு கரண்டி கொடுத்து, "நன்றாயிருக்கிறதா?" என்று கேட்டால், மாமி வேறு என்ன சொல்லுவார்? "அமிர்தமாயிருக்கிறது!" என்பார். அது மரியாதை, வியாபாரம் அல்ல. "இப்போது பொடியை எங்கே வாங்குகிறீர்கள்? மாதத்துக்கு எவ்வளவு ஆகிறது? அதில் என்ன குறை?" என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். "நான் வாங்குவதே இல்லையே, வீட்டிலேயே இடித்து வைத்திருக்கிறேன்" என்று மாமி சொன்னால், அதுவும் லாபந்தான். மூட்டை பருப்பு வாங்குமுன் தெரிந்துவிட்டதே!

கணக்கும் அப்படித்தான். ஒரு பொட்டலத்துக்குச் சாமான் 30 ரூபாய், பை 5 ரூபாய், விற்பது 50 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து ரூபாய் லாபம் என்று பெண் குதிப்பாள். காஸ் செலவு 4 ரூபாய், ஆட்டோக் கூலி 5 ரூபாய், கடைக்காரர் கமிஷன் 10 ரூபாய் என்று எழுதிப் பார்த்தால், பொட்டலத்துக்கு 4 ரூபாய் நஷ்டம்! அவளுடைய உழைப்புக்கு இன்னும் கூலி போடவில்லை. ஒரு முறை இப்படிக் கைப்பொறுப்பாகச் செய்து பார்த்தவள் ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.

ஆசை குறைந்தால் தோல்வியா?

இவ்வளவையும் கேட்டு, செய்முறைப் பாடம் வைத்துவிட்டால் வீட்டுக்கு வீடு தொழிலதிபர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நெதர்லாந்தில் ஒரு கல்லூரியின் ஒரு கிளையில் மாணவர்கள் சிறு கம்பெனி நடத்துவதைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். இன்னொரு கிளையில் அது இல்லை. இரண்டையும் ஒப்பிட்டு மூன்று ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. கம்பெனி நடத்தியவர்களுக்குத் திறமை குறிப்பிடும்படியாகக் கூடவில்லை. சொந்தத் தொழில் தொடங்கும் ஆசையோ குறைந்தே போயிருந்தது!

இது பாடத்தின் தோல்வியா? ஒரு பக்கம் யோசிக்க வேண்டியதுதான். எல்லோரையும் கட்டாயப்படுத்தி ஒரே அச்சில் வார்ப்பதால் பலன் வராது. மறுபக்கம் ஒரு தாயாக யோசித்துப் பாருங்கள். 'இது நமக்கு ஒத்து வராது' என்று பத்தொன்பது வயதில், சொற்பச் செலவில் ஒரு பையன் தெரிந்துகொள்வது நல்லதா, முப்பது வயதில் வீட்டை அடமானம் வைத்த பிறகு தெரிந்துகொள்வது நல்லதா?

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பழைய பரீட்சை உண்டு. ஹார்வர்டு மனோதத்துவப் பேராசிரியர் டேவிட் மக்லேலண்ட் என்பவர், 1964-ல் ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளுக்கு ஹைதராபாத்தில் சில நாள் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். அவர் ஆராய்ச்சியில் கையாண்ட விளையாட்டுகளில் ஒன்று, திருவிழாக் கடைகளில் நாம் பார்க்கும் வளையம் எறிவதுதான். எங்கே நின்று எறிவது என்பது அவரவர் இஷ்டம். சிலர் முளைக்குப் பக்கத்திலேயே நின்று போடுவார்கள்; சிலர் வெகு தூரத்திலிருந்து குருட்டு அதிர்ஷ்டத்தை நம்புவார்கள். காரியத்தை முடிக்கும் ஆர்வமுள்ளவர்களோ நடுவாந்தரத்தில் நிற்பார்கள். கஷ்டந்தான், ஆனால் முயன்றால் விழும் என்ற தூரம் அது. பயிற்சி பெற்ற வியாபாரிகள் மற்றவர்களைவிடச் சுறுசுறுப்பாகப் புது முதல் போட்டு, புது வேலைகளையும் உண்டாக்கினார்கள் என்று 1969-ல் வெளியான அவருடைய புத்தகம் தெரிவிக்கிறது.

பட்டப் படிப்பே இல்லாமல் செய்து கற்றவர்களும் உண்டு. 1959-ல் பம்பாய் கிர்காமில் ஏழு பெண்மணிகள் எண்பது ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் 'லிஜ்ஜத்' ஆயிற்று. பல்லாயிரம் பெண்களுக்கு வருமானம் தருகிறது.

நீங்கள் கேட்க வேண்டியவை

அடுத்த முறை கல்லூரிக்குப் போகும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். எங்கள் பெண் முன்பின் தெரியாத ஒருவருக்கு எதையாவது விற்கிறாளா? கணக்கு அவளே எழுதுகிறாளா? நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு, அதற்கு உச்சவரம்பு என்ன? மார்க்கு லாபத்துக்கா, நடந்ததை அலசிச் சொல்லுவதற்கா? லாபத்துக்கு மட்டும் மார்க்கு என்றால், பிள்ளைகள் அத்தை, சித்தி தலையில் எல்லாச் சரக்கையும் கட்டிவிட்டு வந்து விடுவார்கள்!

கல்லூரி மாறும் வரையில் காத்திருக்கவும் வேண்டாம். வருகிற லீவில் ஓர் உறையில் இருநூறு ரூபாய் போட்டு உங்கள் வீட்டிலேயே கொடுத்துப் பாருங்கள். ஒரு நிபந்தனை மட்டும் மறக்காமல் போடுங்கள்: சொந்தக்காரர்கள் யாரும் வாங்கக் கூடாது. முக்கியமாக, பாட்டி வாங்கக் கூடாது!