கோவில்பட்டிக்கு வந்த குட்டி வாத்தியம்!

அளவில் மிகச் சின்னது. கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். நரம்புகள் நான்கே நான்கு. பெயர்: "உகுலேலே".

பார்ப்பதற்குக் கிதாரின் குட்டி போல் இருக்கும். விரலால் தடவினால் கலகலவென்று சிரிக்கும். அழுகிற குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் ஒரு உகுலேலே வந்தது. வந்த மூன்றாவது மாதமே அது வெடித்துவிட்டது!

ஏன் வெடித்தது? பிறகு எப்படிப் பிழைத்தது? அந்தக் கதையைச் சொல்கிறேன். வீட்டில் வாத்தியம் வைத்திருப்பவர்களுக்கும், இனி வாங்கப் போகிறவர்களுக்கும் அது உதவும்.

உண்டியல் பணம்

என் தங்கை மகன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெரியவர்கள் கொடுத்த காசை இரண்டு வருடம் உண்டியலில் சேர்த்தான். மாசி மாதத்தில் உகுலேலே வாங்கினான்.

அவனுடைய ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை.

"வெள்ளைக்காரன் பெட்டி நமக்கு எதுக்குலே? படிக்கிற வழியைப் பாரு" என்றார்.

பையன் விடவில்லை. படிப்பு முடிந்ததும் தினமும் அரை மணி நேரம் மொட்டை மாடியில் உட்கார்ந்து பழகினான்.

சித்திரை பிறந்தது. பள்ளிக்கூடம் மூடினார்கள். பையன் பத்து நாள் கிராமத்துக்குப் போனான். போகும்போது உகுலேலேயை மாடி அறையில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். அது தகரக் கூரை போட்ட அறை!

திரும்பி வந்து பார்த்தான். வாத்தியத்தின் முன்பலகையில் ஒரு விரிசல்! நடுத் துவாரத்திலிருந்து கீழே வரைக்கும் ஓடியிருந்தது.

பையன் "ஓ" என்று அழுதுவிட்டான். "மாமா! கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"தாகம் தீரட்டும்!"

எங்கள் தெருவில் வயதான ஆசாரி ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தண்டியின் ஓரத்தை விரலால் தடவினார். மெட்டுகளின் முனை விரலில் குத்தியது.

"கடைக்காரர் மேலே குத்தம் இல்லே, அண்ணாச்சி. வச்ச இடம்தான் குத்தம். மரம் காஞ்சு சுருங்கிப் போச்சு. பித்தளைக் கம்பி சுருங்குமா? அதான் வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது" என்றார்.

"உடனே பசை போட்டு ஒட்டிவிடுங்கள்" என்றேன்.

"அவசரப்படக் கூடாது. முதல்லே மரத்துக்குத் தாகம் தீரட்டும்" என்றார் ஆசாரி.

அவர் சொன்னபடியே செய்தோம். வாத்தியத்தை அதன் பெட்டியில் வைத்தோம். ஒரு சோப்பு டப்பாவில் துளைகள் போட்டோம். நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை அதற்குள் வைத்து, டப்பாவைப் பெட்டியின் ஒரு மூலையில் வைத்து மூடினோம். இரண்டு வாரம் சென்றது. விரிசல் தானாகவே நெருங்கி வந்துவிட்டது! பிறகுதான் ஆசாரி பசை விட்டு, இறுக்கிக் கட்டி, ஒட்டிக் கொடுத்தார்.

இன்று அதில் ஒரு மயிரிழைத் தழும்பு மட்டுமே இருக்கிறது. நாதம் கெடவில்லை.

கரிசலும் மரமும்

கரிசல் நிலத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல.

மழை பெய்தால் கரிசல் மண் உப்பும். கோடை வந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரம் போனதும் மண் சுருங்குகிறது, சுருங்குவதால் பிளக்கிறது.

மரமும் அப்படித்தான். காற்றில் ஈரம் இருந்தால் அதைக் குடித்துக் கொஞ்சம் உப்பும். காற்று வறண்டால் சுருங்கும். உகுலேலேயின் பலகை மிகவும் மெல்லியது. அதனால் சீக்கிரம் வெடித்துவிடுகிறது.

கப்பலில் வந்த தச்சர்கள்

உகுலேலேயின் சொந்த ஊர் ஹவாய்த் தீவு. பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே இருக்கிறது. ஆனால் அங்கும் அது வந்தேறிதான்!

1879ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ந் தேதி, "ரேவன்ஸ்கிராக்" என்ற கப்பல் ஹவாயின் ஹொனலுலு துறைமுகத்தை அடைந்தது. போர்ச்சுக்கல் நாட்டின் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றி வந்த கப்பல் அது.

நம் மக்களும் அந்தக் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்காகக் கடல் கடந்தவர்கள்தான். 1860ல் சென்னையிலிருந்து "ட்ரூரோ" என்ற கப்பல் தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போயிற்று.

ரேவன்ஸ்கிராக்கில் வந்தவர்களில் மூன்று பேர் மரவேலை தெரிந்தவர்கள். அவர்கள் பெயர் மனுவேல் நூனஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ. தோட்ட வேலைக்குப் பிறகு ஹொனலுலுவில் பட்டறை போட்டார்கள். தங்கள் ஊர்க் குட்டி வாத்தியத்தைப் போலச் செய்து விற்றார்கள். அதுவே உகுலேலே ஆயிற்று.

ஹவாய் மன்னர் கலாகௌவா அதை மிகவும் விரும்பினார். அரண்மனை விருந்துகளில் உகுலேலே ஒலித்தது. 1915ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த பெரிய பொருட்காட்சிக்குப் பிறகு, அது உலகம் முழுவதும் பரவியது.

"உகுலேலே" என்றால் "துள்ளும் தெள்ளுப்பூச்சி" என்று பொருள் சொல்வார்கள். வாசிப்பவரின் விரல்கள் அப்படித் துள்ளுமாம்!

ஹவாயில் "கோவா" என்ற மரத்தில் இதைச் செய்தார்கள். நம் கண்மாய்க் கரையில் நிற்கிறதே கருவேல மரம், அதற்குக் கோவா மரம் தூரத்துச் சொந்தம்!

எட்டயபுரத்துப் பிடில்

ஆச்சி கேட்ட கேள்விக்கு இப்பொழுது வருவோம். வெள்ளைக்காரன் வாத்தியம் நமக்கு எதற்கு?

கோவில்பட்டியிலிருந்து சுமார் 15 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835ல் மறைந்த ஊரும் அதுதான். அவருடைய சமாதி அங்கே இருக்கிறது.

தீட்சிதர் எட்டயபுரம் வரும் வழியில் நிலமெல்லாம் வறண்டு கிடந்ததாம். மனம் உருகி அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடினாராம். மழை கொட்டியதாம். இது இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் கதை.

தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். எட்டயபுரம் அரண்மனை வித்துவான். இளம் வயதில் சென்னைப் பக்கம் இருந்தபோது, ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டார். அதில் நம் ராகங்களை வாசித்தார். பிடிலைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி அவரே.

இன்று பிடில் இல்லாமல் ஒரு கச்சேரி உண்டா? அதை யாராவது அந்நிய வாத்தியம் என்று சொல்வார்களா?

இதை ஆச்சியிடம் சொன்னேன். "அப்படியா!" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

வாசிப்பது எப்படி?

உகுலேலேயை நெஞ்சோடு சாய்த்துப் பிடியுங்கள். வலது முழங்கையின் கீழ்ப்பகுதி குடத்தை லேசாக அணைத்திருக்கட்டும். இடது கை தண்டியைத் தாங்கட்டும். இறுக்கிப் பிடிக்க வேண்டாம்.

ஒரு கட்டை சுருதியை "ச" என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக நான்கு நரம்புகளும் "ப, ச, க, த" என்று பேசும். சுருதி சேர்க்கக் கைப்பேசியில் வசதி இருக்கிறது. ஆர்மோனியம் இருந்தால் அதுவும் போதும்.

இதில் ஓர் அதிசயம் பாருங்கள். "ப, ச, க, த" நான்கும் மோகன ராகத்தின் சுரங்கள்! "ரி" ஒன்றுதான் பாக்கி. ஆகவே முதல் பாடமாக மோகனத்தையே வாசிக்கலாம்.

ச - மேலிருந்து இரண்டாம் நரம்பு, சும்மா மீட்டவும்.
ரி - அதே நரம்பு, இரண்டாம் மெட்டு.
க - மூன்றாம் நரம்பு, சும்மா.
ப - அதே நரம்பு, மூன்றாம் மெட்டு.
த - கடைசி நரம்பு, சும்மா.
மேல் ச - அதே நரம்பு, மூன்றாம் மெட்டு.

ஏறிய வழியே இறங்கி வாருங்கள். ஒரு வாரத்தில் விரல் பழகிவிடும். விரல் நுனி முதலில் கொஞ்சம் வலிக்கும். பயப்பட வேண்டாம். வலித்தால் நிறுத்திவிட்டு மறுநாள் வாசியுங்கள்.

வீணையைப் போலக் கமகங்களை இழைத்து வாசிக்க இதில் முடியாது. ஆனால் கும்மிப் பாட்டு, தாலாட்டு, சினிமாப் பாட்டு எல்லாவற்றுக்கும் துணையாக வரும்.

காப்பாற்றுவது எப்படி?

வாசித்து முடித்ததும் பெட்டியிலோ உறையிலோ வைத்துவிடுங்கள்.

தகரக் கூரையின் கீழும், வெயில் விழும் சுவரிலும், அடுப்படியிலும் வைக்காதீர்கள். பூட்டிய காருக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள்.

பங்குனி முதல் ஆடிக் காற்று ஓயும் வரை, பெட்டிக்குள் சோப்பு டப்பா ஸ்பாஞ்சு இருக்கட்டும். தண்ணீர் சொட்டக் கூடாது. மரத்தில் படவும் கூடாது. ஐப்பசி அடைமழை பிடித்ததும் டப்பாவை எடுத்துவிடுங்கள். அதிக ஈரமும் ஆகாது.

வியர்வையை உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள்.

நைலான் நரம்பு இருந்த இடத்தில் இரும்புத் தந்தி போடாதீர்கள். அது இழுக்கிற இழுப்பில், நரம்பைத் தாங்கும் குதிரை பெயர்ந்து வந்துவிடும்!

புது நரம்பு சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். அடிக்கடி சுருதி இறங்கும். அது பழுது அல்ல. திரும்பத் திரும்பச் சேர்த்தால் நிலைத்துவிடும்.

முழு மரப்பலகையில் செய்தது நாதத்தில் உயர்ந்தது. ஒட்டுப்பலகையில் செய்தது வறட்சியை அதிகம் தாங்கும். விலையும் குறைவு. நம் ஊர் வெயிலில் முதல் வாத்தியமாக ஒட்டுப்பலகையே போதும்.

ஆச்சியின் கட்டளை

நாகசுரச் சக்கரவர்த்தி காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊர் கோவில்பட்டி. இந்த ஊர் மக்களின் காதுக்கு நல்ல சங்கீதம் புதிது அல்ல. ஆனால் கேட்பதோடு நின்றுவிட வேண்டுமா? வீட்டுக்கு வீடு ஒருவராவது வாசித்தால் என்ன?

போன வாரம் சாயங்காலம் பையன் திண்ணையில் உட்கார்ந்து மோகனம் வாசித்துக்கொண்டிருந்தான். ஆச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த ஒரு தாலாட்டை மெல்ல முணுமுணுத்தார். பையன் அதைக் காதில் வாங்கி, தடவித் தடவி வாசித்தான். இரண்டும் ஒன்று சேர்ந்தன.

இருட்டிய பிறகு ஆச்சி எழுந்தார். உள்ளே போகும்போது திரும்பிச் சொன்னார்:

"ஏலே! அதைப் பெட்டியிலே வச்சு மூடு. காத்தாடக் கிடந்தா மறுபடியும் வெடிச்சிரும்!"