செவலை மறுபடி நடந்தது!

எங்கள் வீட்டுச் செவலைக் கோழி என் மகளின் செல்லம். போன தை மாதம் சைக்கிளில் அடிபட்டு, அதன் கால் ஒடிந்துவிட்டது. "இனி எதுக்கும்மா இது? குழம்பு வெச்சிடு" என்றார் மாமியார். மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை.

கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். "தோல் கிழியலே, பொழச்சுக்கும்" என்றவர், காலில் பஞ்சு சுற்றி, இரு பக்கமும் ஐஸ் குச்சியை அணைகொடுத்து பிளாஸ்திரி போட்டார். விரல் வீங்கினாலோ, சில்லிட்டாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தமாம். தூக்கும்போது நெஞ்சை அழுத்தக் கூடாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் கோழி மூச்சுவிட முடியும். நாம் சாப்பிடும் வலி மாத்திரையை நாமாகக் கொடுக்கவே கூடாது என்றார்.

வீட்டில் வைக்கோல் பரப்பி, பஞ்சாரத்துக்குள் தனியே வைத்தேன். நொண்டும் கோழியை மற்றவை கொத்துமே! ஆனால் அவை கண்ணில் படும்படி வைத்தேன். அடியோடு பிரித்துவிட்டால் திரும்பச் சேர்க்கும்போது சண்டைதான். தீனியும் தண்ணீரும் வாய்க்கு எட்டும் தூரத்தில். ஒரே இடத்தில் படுத்தே கிடப்பதால் நெஞ்சில் புண் வந்துவிடும். அதனால் தினமும் ஈர வைக்கோலை மாற்றினேன்.

மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார் டாக்டர். தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தது. இன்னும் லேசான சாய்வு உண்டு.

சித்திரையில் ஒரு நாள் மாமியார் கொல்லையிலிருந்து வந்து, என் கையில் ஒரு முட்டையை வைத்தார். "செவலை இட்டது" என்றார், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அதற்கு நொய் போடுவது அவர் வேலை!