இரண்டே சலவையில் பனியன் படம் மாயம்! குற்றவாளி யார்?

நடைபாதையில் பேரம் பேசி ஒரு கறுப்பு டி-சர்ட் வாங்குகிறார் ஆசாமி. நெஞ்சில் புலிப் படம். பார்க்கப் பளபளப்பு. இரண்டே சலவைதான். புலியின் மீசை காணோம். மூன்றாவது சலவையில் புலியே காணோம்!

"துணி மட்டம்", "சோப்பு மட்டம்" என்று வீட்டில் சண்டை. பல நேரங்களில் குற்றவாளி துணியும் அல்ல, சோப்பும் அல்ல. சூடு! அடித்த மையைச் சரியாகச் சுடாமல் விட்டதுதான் காரணம்.

பனியனில் படம் அடிப்பது சில்லறை வேலை போலத் தெரியும். ஆனால் இந்தத் தொழிலில் பேட்டன்ட் உண்டு. போலி ஆசாமிகள் உண்டு. கோர்ட்டு, பறிமுதல் எல்லாம் உண்டு.

பந்து விளையாட்டுச் சட்டை

சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி. படம் விழக்கூடாத இடத்தை அடைத்துவிட வேண்டும். மேலே மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் இழுக்க வேண்டும். திறந்த கண்கள் வழியாக மை இறங்கிப் படம் விழும். இதுதான் 'சில்க் ஸ்கிரீன்'.

இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907-ல் இதற்குப் பேட்டன்ட் வாங்கினார். அன்று பட்டுத்துணி. இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர். பெயர் மட்டும் 'சில்க்' என்றே நின்றுவிட்டது.

ஒரு கலர் என்றால் சுலபம். நாலு கலர் என்றால்தான் வம்பு. நாலு கலருக்கு நாலு ஸ்கிரீன். நாலும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். கொஞ்சம் நகர்ந்தால் மூக்கு ஒரு பக்கம், மூக்கின் சிவப்பு ஒரு பக்கம்!

இதற்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்கர் மைக்கேல் வாசிலான்டோன். நடுவில் ஒரு தூண். அதைச் சுற்றி ராட்டினம் போல ஸ்கிரீன்கள். பனியனைப் பலகையில் மாட்டியபடியே வைத்து, ஒவ்வொரு கலராகச் சுற்றிக் கொண்டுவந்து அதே இடத்தில் இறக்கலாம். 1960-ல் இந்த எந்திரத்தைப் பயன்படுத்தவும் விற்கவும் தொடங்கினார். 'பவுலிங்' என்ற பந்து விளையாட்டுக் குழுக்களின் சட்டையில் பெயரும் சின்னமும் அடிக்கத்தான் முதலில் செய்தார்.

1967-ல் விண்ணப்பம் போட்டார். 1969 பிப்ரவரி 18-ந் தேதி பேட்டன்ட் கிடைத்தது. எண் 34,27,964. பல கம்பெனிகள் அவரிடம் உரிமம் பெற்று எந்திரம் செய்தன. படம் போட்ட பனியன் மூலைக்கு மூலை பரவியது. திருப்பூர்ப் பட்டறைகளில் இன்று ஓடும் ராட்டின எந்திரங்களுக்கும் அடிப்படை அதே யோசனைதான்.

கறுப்புத் துணியின் சோதனை

கைத்திறமை தெரிவது கறுப்புத் துணியில். கறுப்பின் மேல் மஞ்சளை அடித்தால் மஞ்சள் செத்துப்போகும். ஆகவே முதலில் அடியில் வெள்ளை அடிக்க வேண்டும். அதை லேசாகச் சூடு காட்டி, கையில் ஒட்டாத பதத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல்தான் மற்ற கலர்.

போட்டோ போலத் தெரியும் உயர்ந்த ரகப் படத்துக்கு இன்னும் பாடு அதிகம். ஆறு, எட்டு ஸ்கிரீன்கூட ஆகும். படம் முழுவதும் பொடிப் புள்ளிகளாகப் பிரிக்கப்படும். கிட்டே பார்த்தால் புள்ளி. தள்ளி நின்று பார்த்தால் முகம்! எந்த கலர் முதலில், எது கடைசியில் என்பதில்தான் கைகாரரின் அனுபவம் தெரியும்.

160 டிகிரி

டி-சர்ட்டில் அதிகம் பயன்படும் மைக்கு 'பிளாஸ்டிசால்' என்று பெயர். பி.வி.சி. பிளாஸ்டிக் தூளைக் குழம்பாக்கிய மை. காற்றில் எத்தனை நாள் கிடந்தாலும் காயாது. சூடு காட்டினால்தான் இறுகும். அதுவும் சாதாரணமாக 160 டிகிரி செல்சியஸ் அளவுக்கு.

மேல்பாகம் மட்டும் சூடானால் போதாது. துணியைத் தொடும் அடிப்பாகம் வரை சூடு இறங்க வேண்டும். மின்சாரம் மிச்சம், நேரம் மிச்சம் என்று அடுப்பில் பெல்ட்டை வேகமாக ஓட்டினால் தொலைந்தது. மேலே இறுகியிருக்கும், அடியில் பச்சையாக இருக்கும். கடையில் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீரில் போட்டதும் குட்டு வெளிப்படும்!

சூடு ஏறினாலும் ஆபத்து. துணி கருகும். சிவப்புப் பாலியெஸ்டர் துணியில் வெள்ளை அடித்தால், துணியின் சாயம் மேலே ஏறி வெள்ளை 'ரோஸ்' ஆகிவிடும். ஆர்டர் திரும்பி வந்தால் பட்டறைக்காரர் தலையில் துண்டுதான்.

பெயர் தெரியாத பேர்வழிகள்

செலவு குறைந்த தொழில் என்பதால் கைவரிசை காட்டவும் வசதி. ஒரு பிரேம், ஒரு ரப்பர் பட்டை, கொஞ்சம் மை போதும். பாடகர் பெயரில் பனியன் தயார்!

1980-ல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் பாடகர் பில்லி ஜோயலின் கச்சேரி. அனுமதி இல்லாமல் அவர் பெயரில் பனியன் விற்கும் ஆசாமிகளைத் தடுக்க கோர்ட்டுக்குப் போனார்கள். எதிரியின் பெயர் என்ன? தெரியாது! ஆனாலும் கோர்ட்டு பறிமுதலுக்கு அனுமதி கொடுத்தது. எதிரிக்கு இடப்பட்ட பெயர் 'ஜான் டோ'. 1984-ல் போலிச் சின்னக் குற்றத்துக்கு 5 ஆண்டு வரை சிறை என்று அங்கே சட்டமே வந்தது.

இந்த முறை 2002-ல் டெல்லி ஐகோர்ட்டு மூலம் இந்தியாவுக்கும் வந்தது. அது கேபிள் டி.வி. வழக்கு. நம் ஊரில் பெயர் தெரியாத எதிரிக்கு வைத்த பெயர் 'அசோக்குமார்'!

இந்தியாவில் 1999-ம் ஆண்டு வர்த்தகச் சின்னச் சட்டப்படி, போலிச் சின்னம் அடித்தவருக்கும் விற்றவருக்கும் சாதாரணமாக 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை. உரிய எச்சரிக்கையோடுதான் வாங்கினேன், சந்தேகப்பட வழியில்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடைக்காரர் மேல்தான். ஆகவே சரக்கு வாங்கிய பில் பத்திரம்!

வாங்கும்போது பாருங்கள்

படத்தின் மேல் இரண்டு கட்டை விரலையும் வைத்து மெதுவாக இழுங்கள். துணியோடு சேர்ந்து நீண்டு, பழையபடி திரும்பினால் நல்ல சூடு வாங்கிய மை. விண்டு, விரிசல் வழியாகத் துணி தெரிந்தால் அரைவேக்காடு. அதே இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடவேண்டும். படத்தின் மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. சூட்டில் இறுகிய மைதான். ஆனால் பெட்டியின் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பெட்டியில்தான் புலி இருக்கும்!