கோல் கடைதல்: பொறுமை வளர்க்கும் ஓய்வுநேரக் கலை

மேசைமேல் பந்துகளைக் கோலால் உந்தி ஆடும் பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் ஆகிய ஆட்டங்களை நம்மில் பலர் அறிவோம். அமெரிக்க நாட்டில் பெரிதும் ஆடப்பெறும் 'பூல்' என்பதும் அவ்வகையினதே. அங்கே, ஆட்டத்திற்குரிய கோலைத் தம் கையாலேயே கடைந்து செய்வதை ஓய்வுநேரக் கலையாகக் கொண்டோர் பலர் உளர்.

இக்கலையில் பெரும்புகழ் பெற்றவர் ஜார்ஜ் பலபுஷ்கா. 1912-இல் ரஷ்யாவில் பிறந்து, 1924-இல் அமெரிக்காவில் குடியேறியவர். தச்சு வேலையில் தேர்ந்தவர். 1959-இல் பொழுதுபோக்காகவே கோல்களைச் செய்யத் தொடங்கி, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாப் பரிசாக நண்பர்களுக்கு வழங்கினார். 1975-இல் அவர் மறைந்தார். அவருடைய கோல்களோ இன்றும் பெருவிலை பெறுகின்றன. இத்தகைய கைவல்லுநரும், அடித்தண்டுக்கு வேண்டிய இணைப்புக் கட்டைகளைப் பெரும்பாலும் பிறரிடமிருந்தே வாங்கினார். ஆகவே, புதிதாகத் தொடங்குவோர் அனைத்தையும் தாமே செய்ய முற்பட வேண்டியதில்லை.

பழுது பார்ப்பதே முதற்படி. தேய்ந்த நுனித் தோலை நீக்கிப் புதியதை ஒட்டுதல், வெடித்த பூணை மாற்றுதல், உப்புத்தாளால் தேய்த்து மெருகிடுதல் ஆகியவற்றில் கை பழகட்டும். பின்னர், விலைக்கு வாங்கிய கட்டையைக் கடைந்து பார்க்கலாம்.

பூல் கோல் ஏறத்தாழ 58 அங்குல நீளமுடையது. நடுவில் திருகாணியால் இணையும் இரு துண்டுகளால் ஆனது. அதன் எடை பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ்; நுனியின் விட்டம் 12 அல்லது 13 மில்லிமீட்டர். நுனித்தண்டுக்குக் கடினமான மேப்பிள் மரமே மரபு. அடித்தண்டின் அழகுக்கும் உறுதிக்கும் கருங்காலி, ஈட்டி போன்ற மரங்கள் பயன்படுகின்றன.

இனி, இக்கலையின் உயிர்நிலையைக் கூறுவோம். வெட்டி உலர்த்திய பின்னரும் மரம் அசைவற்றதாகி விடுவதில்லை. கடையக் கடைய அதனுள் அடங்கியிருந்த இறுக்கம் தளர்கிறது. காற்றின் ஈரமும் அதனைத் தாக்குகிறது. ஒரே நாளில் கடைந்து முடித்த தண்டு விரைவில் வளைந்துவிடக் கூடும். எனவே, வல்லுநர் மெல்லிய அளவே கடைந்து, தண்டை நேர்குத்தாகத் தொங்கவிட்டு, சில வாரங்கள் ஓய்வு தந்து, மீண்டும் கடைகின்றனர். ஒரு தண்டு முற்றுப்பெறப் பல மாதங்கள் ஆகலாம். இடையில் வளைந்ததைத் தயங்காது ஒதுக்கிவிடுகின்றனர்.

எச்சரிக்கையும் தேவை. கடைசல் இயந்திரத்தின் அருகே தொங்கும் துண்டும் தளர்ந்த சட்டைக்கையும் ஆகா. சில மரங்களின் தூள் தோலையும் மூச்சையும் வருத்தும். ஆதலின் முகக்கவசமும் கண்ணாடியும் இன்றியமையாதவை. சிறுவரைத் தனியே இயந்திரத்தருகே விடலாகாது.

முடிந்த தண்டைச் சமமான மேசைமேல் உருட்டிப் பாருங்கள். துள்ளாமல் தள்ளாடாமல் உருளுமாயின், அதற்கு நீங்கள் அளித்த ஓய்வு வீண்போகவில்லை. விரைவையே விரும்பும் இந்நாளில், காத்திருக்கக் கற்பிக்கும் கைவேலை ஒன்று வீட்டில் இருப்பது நன்றே.