வீட்டு ஷட்டர் பழுதானால்

காக்களூர்த் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும், திருவள்ளூரை ஒட்டிய ஊர்களிலும், திண்ணை இருந்த இடத்தில் இப்போது இரும்பு ஷட்டர் நிற்கிறது. கார் நிறுத்துவதற்கென்று கட்டுகிறார்கள். கார் இல்லாத வீட்டிலும் கார் ஷெட் உண்டு. நெசவாளர் வீடாயின் அங்கே சங்கத்தில் பெற்ற நூலும், இறக்கிவைத்த சேலைகளும், சில வீடுகளில் தறியுமே இருக்கின்றன. பயிரிடுவோர் வீடாயின் உர மூட்டை, வேர்க்கடலை, பவர் டில்லர். ஆகவே அந்த ஒரு கதவு ஏறாமல் நின்றாலும், இறங்காமல் நின்றாலும், அங்கத்தினருடைய பொருளுக்கு மட்டுமன்றிச் சங்கத்தின் பொருளுக்கும் காவல் இல்லாமற் போகிறது.

சங்கங்களின் கணக்குகளைப் பரிசீலிக்கச் செல்லும் இடங்களில் ஷட்டர் பழுதுக்கான ரசீதுகளை அடிக்கடி காண்கிறேன். ஒரு சங்கத்தில் கிட்டங்கிக் கதவின் அடிப்பாகத்தில் நான்கு பட்டைகள் துருப்பிடித்திருந்தன. அந்நான்கையும் மாற்றியிருந்தால் போதும். முழு ஷட்டரையும் கழற்றிவிட்டுப் புதியது போட்டிருந்தார்கள். பழைய இரும்பு என்னவாயிற்று என்பதற்குக் குறிப்பும் இல்லை. குற்றம் எங்கே இருக்கிறதென்று அறியாதவன் முழு விலையைக் கொடுப்பது இயல்பே. அதை அறிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கதவு எவ்வாறு இயங்குகிறது என்று ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொண்டால் போதும்.

ஷட்டர் என்பது ஒன்றோடொன்று கொக்கியாகப் பிணைந்த இரும்புப் பட்டைகளால் ஆன திரை. இருபுறத்துச் சானல்களுக்குள் அது ஏறி இறங்குகிறது. மேலே ஒரு குழாயில் சுருண்டுகொள்கிறது. அக்குழாயில் உள்ள ஸ்பிரிங்குகளே உண்மையில் கதவைத் தூக்குபவை. நம் கை வழிகாட்டுவதோடு சரி. 10 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள ஷட்டரின் பரப்பு ஏறத்தாழ 7.4 சதுர மீட்டர். 0.9 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்குச் சுமார் 7 கிலோ எடை உடையது. அப்படியானால் தகடு மட்டுமே 52 கிலோ. பட்டைகளின் சுருட்டு மடிப்பையும் அடிச்சட்டத்தையும் சேர்த்தால் ஒரு நெல் மூட்டையின் பாரத்தை நெருங்கும். அதனை வீட்டுப் பெண்மணி ஒரு கையால் ஏற்றுகிறார் என்றால், கதவை இறக்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறி, ஏற்றும்போது அந்த முறுக்கைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதே காரணம்.

இதிலிருந்தே முதற் சோதனை பிறக்கிறது. கையால் இயக்கும் ஷட்டரைப் பாதி உயரத்திற்கு மெதுவாக ஏற்றி, பக்கவாட்டில் நின்றுகொண்டு, பிடியைச் சிறிது தளர்த்திப் பார்க்க வேண்டும். பாதத்தைக் கதவின் கீழே வைக்கலாகாது. கதவு நின்ற இடத்திலேயே ஏறக்குறைய நின்றால் ஸ்பிரிங் நலமாக உள்ளது. தானாகக் கீழே சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது பல ஸ்பிரிங்குகளில் ஒன்று முறிந்திருக்கிறது. மேலே பாய்ந்தால் முறுக்கு அளவுக்கு மிஞ்சியது. இடையில் ஓரிடத்தில் மட்டும் இடறி, மற்ற இடங்களில் இலகுவாகச் சென்றால், குற்றம் ஸ்பிரிங்கில் இல்லை. சானலிலோ பட்டையிலோ இருக்கிறது.

சானலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; நம் பகுதியில் பெரும்பாலான தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. லாரிகள் கிளப்பும் புழுதி ஒரு பக்கம். தறி உள்ள வீடுகளில் பஞ்சுத் தூசி மறுபக்கம். கதவு கடினமாக இருக்கிறதென்று கெட்டியான கிரீஸை வாங்கிச் சானலில் அப்பிவிடுகிறார்கள். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு புழுதியும் பஞ்சும் கிரீஸில் ஒட்டி, சந்தனம் போல் குழைந்து, வெயிலில் இறுகிவிடும். முன்பு ஓர் ஆள் ஏற்றிய கதவுக்கு இப்போது இருவர் வேண்டும். செய்ய வேண்டியது இது: பழைய பசையை மரச்சிம்பால் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சானலை உட்புறம் துடைத்து, உலர்ந்தபின் மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டு ஒரு பூச்சு மட்டும் கொடுக்க வேண்டும். நூலும் துணியும் உள்ள அறையாதலால் மண்ணெண்ணெய்த் துணியை அங்கேயே போட்டுவைக்கக் கூடாது. சரக்கை முன்னதாக அப்புறப்படுத்துவது நலம். அடுத்து, சானல் நேராக உள்ளதா என்று மேலிருந்து கீழாக ஒரு நூலைக் கட்டிப் பார்க்கலாம். நூல் கட்டிப் பார்ப்பதை நெசவாளருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி இடித்துச் சானல் உள்வாங்கியிருந்தால், அந்த இடத்தில்தான் கதவு இடறும். சிறு நெளிவை மரக்கட்டை வைத்துத் தட்டி நிமிர்த்தலாம்.

பட்டைகள் பக்கவாட்டில் நழுவாதபடி அவற்றின் ஓரங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பூட்டுத்துண்டு அடித்திருப்பார்கள். துணிக்குக் கரை எப்படியோ அப்படி. அது கழன்றுவிட்டால் பட்டை ஒரு பக்கம் நகர்ந்து சானலின் உட்புறத்தைத் தேய்க்கும். கீறல் ஓசை கேட்கும். அதைக் கேட்டும் கேளாததுபோல் மாதக்கணக்கில் ஓட்டினால் சானலும் சேர்ந்து கெடும். அடிப்பட்டைகளின் பகை தண்ணீர். 2015-ஆம் ஆண்டு மழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் நின்ற நீர் வீட்டு வாசல்களில் ஏறியதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். நீர் வடிந்ததும் தரையைக் கழுவினோம். கதவின் அடிச்சட்டத்தையும் சானலின் அடிப்பகுதியையும் கழுவித் துடைத்தவர் எத்தனை பேர்? அங்கே தங்கிய சேறு உள்ளிருந்து அரிக்கும். ஆயினும் துருப்பிடித்த பட்டைகளுக்காக முழுக் கதவையும் மாற்ற வேண்டியதில்லை. அடிச்சட்டத்தைக் கழற்றிப் பட்டையைப் பக்கவாட்டில் உருவிவிட்டு, அதே அளவும் அதே வளைவும் உள்ள புதுப் பட்டையைக் கோத்துவிடலாம். பழைய பட்டையின் துண்டொன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்க வேண்டும்.

பூட்டு விழவில்லை என்று வருவோருக்கு ஒரு கேள்வி: அண்மையில் வாசலில் டைல்ஸ் போட்டீர்களா? தரை அரை அங்குலம் உயர்ந்தால் கதவு அவ்வளவு மேலேயே நின்றுவிடும். தாழ்க்கம்பி பழைய துளைக்கு நேராக வராது. பூட்டை மாற்றிப் பயனில்லை. துளையை நகர்த்த வேண்டும்.

இனி ஸ்பிரிங். இங்கே என் சொல்லைச் சற்றுக் கண்டிப்பாகவே அங்கத்தினர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். மேலே உள்ள குழாயையும், அதைத் தாங்கும் இரும்புத் தாங்கிகளின் போல்ட்டுகளையும், ஷட்டர் வேலை தெரிந்த மிஸ்திரியைத் தவிர வேறு எவரும் தொடலாகாது. ஒரு மூட்டைப் பாரத்தைத் தூக்கும் விசை முழுதும் அங்கே அடைபட்டிருக்கிறது. போல்ட்டைத் தளர்த்திய கணத்தில் குழாய் வேகமாகச் சுழன்று கையைப் பற்றிக்கொள்ளும். திருத்தணிப் பக்கத்து நெசவாளர் ஒருவர், உறவினரின் யோசனையைக் கேட்டு ஏணியில் ஏறி இதைச் செய்தார். வலக்கையில் இரு விரல்கள் நசுங்கின. மூன்று மாதம் தறி ஏறவில்லை. மிஸ்திரிக்குக் கொடுக்க வேண்டியிருந்த கூலியை அவர் இழந்த நெய்கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கு விளங்கும்.

வெடி போட்டாற்போல் ஓர் ஓசை கேட்டு, அதன்பின் கதவு திடீரெனப் பாரமாகிவிட்டால், ஸ்பிரிங் முறிந்தது என்று கொள்ளலாம். அப்போது கதவு மூடியிருந்தால் மூடியபடியே விட்டுவிட்டு வேறு வாசலைப் பயன்படுத்துவது உத்தமம். திறந்திருந்தால் உடனே குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, இரு பக்கமும் கதவின் அடிச்சட்டத்திற்கு உறுதியான மரத்தூண் முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு ஒரு பக்கம் மட்டும் போதாது.

மோட்டார் வைத்த ஷட்டர்களும் இப்போது பெருகிவிட்டன. அவை நின்றுவிட்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சங்கிலியால் கதவைக் கையால் ஏற்றிப் பார்ப்பது முதல் வேலை. கையால் இலகுவாக ஏறினால் குற்றம் மோட்டாரிலோ மின் இணைப்பிலோ இருக்கிறது; கையாலும் ஏறாவிட்டால் மோட்டாரைப் பழிப்பதில் அர்த்தமில்லை, மேற்சொன்ன சானலையும் ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும். ரிமோட்டுக்குப் பதில் சொல்லாமல் சுவர்ப் பொத்தானுக்கு இயங்கினால் ரிமோட்டின் பாட்டரியை மாற்றினாலே போதும். பலமுறை ஏற்றி இறக்கியபின் நின்றால், மோட்டார் சூடேறித் தானே நிறுத்திக்கொண்டிருக்கலாம். அரைமணி நேரம் ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். முனகுகிறது ஆனால் சுழலவில்லை என்றால் மின்னழுத்தம் குறைவு, அல்லது கெப்பாசிட்டர் தளர்ந்தது; மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தினால் மோட்டாரே எரிந்துபோகும். மூடும்போது பாதியில் நின்று மறுபடி ஏறும் கதவுகளில், தரைக்கருகே உள்ள ஒளிக்கண்ணைத் துடைத்து, இரண்டும் நேருக்கு நேர் பார்க்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். தொந்தரவு என்று அதைக் கழற்றிவிடுவோர் உண்டு. தானியங்கிக் கதவுகளின் அடியில் குழந்தைகள் சிக்கி இறந்தபின், அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களில் இத்தகைய காப்பு இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். அதைக் கழற்றுமுன் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

டிராக்டர் நுழைவதற்காக வாசலை அகலப்படுத்தும் உழவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷட்டருக்கென்று இந்தியத் தர நிர்ணயம் 6248 என்ற எண்ணில் உள்ளது. அதன்படி அகலம் 3.5 மீட்டர் வரை 0.9 மில்லிமீட்டர் கனமுள்ள பட்டை போதும்; அதைத் தாண்டினால் 1.2 மில்லிமீட்டர் வேண்டும், சானலின் ஆழமும் 65-லிருந்து 75 மில்லிமீட்டராக வேண்டும். பரப்பு 8 சதுர மீட்டருக்கு மேற்பட்டால், கையால் இழுக்கும் கதவுக்குப் பால் பேரிங் அவசியம். மெல்லிய பட்டையை அகன்ற வாசலில் தொங்கவிட்டால், 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசியதுபோன்ற காற்றில் நடுவில் வளைந்து சானலைவிட்டு வெளியே வந்துவிடும்.

இந்த வேலைகளுக்கு ஏற்ற காலம் புரட்டாசி. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபின் மிஸ்திரி கிடைப்பது அரிது. ஒரு தெருவில் அங்கத்தினர் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே நாளில் அழைத்தால் கூலியைப் பேசி முடிக்கலாம். என்ன பழுது, எத்தனை பட்டை, எத்தனை ஸ்பிரிங், கூலி எவ்வளவு என்று தனித்தனியே எழுதி வாங்க வேண்டும்; ‘ஷட்டர் வேலை, மொத்தம்’ என்று ஒரே வரியில் எழுதிய ரசீதை நிர்வாகக் குழு ஏற்கலாகாது. கழற்றிய ஸ்பிரிங்கையும் பட்டையையும் அன்றே எண்ணி இருப்பில் வைத்து, பழைய இரும்பாக விற்ற தொகையை வரவில் எழுதிவிட்டால், அடுத்த தணிக்கையில் என்னைப் போன்றோர் கேட்பதற்கு ஒன்றும் இராது.