சாவி யார் யாரிடம் இருக்கிறது?

சிங்கப்பூர் பொது மருத்துவமனை புக்கிட் மேரா வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒரு தடவையாவது போய்வராத குடும்பம் அந்த வட்டாரத்தில் அபூர்வம். மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கி, வீடு திரும்பினால் வேலை முடிந்தது. நம் விவரம் எந்தக் கணினியில் இருக்கிறது, அதை யாரெல்லாம் திறக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வி 2018 ஜூலை 20ஆம் தேதி எல்லாருக்கும் வந்தது. சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பில் நடந்த ஊடுருவலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவை களவுபோயின. அவர்களில் சுமார் 160,000 பேருடைய மருந்து விவரமும் சேர்ந்து போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடியிருந்தார்கள்.

ஊடுருவியவர்கள் 2017 ஆகஸ்டிலேயே உள்ளே நுழைந்துவிட்டார்கள். திரு ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வெளியானது. அதைப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. மருத்துவமனையின் சிட்ரிக்ஸ் கணினிகளில் நிர்வாகி உரிமை கொண்ட ஒரு கணக்குக்கு மறைச்சொல் என்ன தெரியுமா? 'பாஸ்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லேதான்! ஓர் எழுத்துக்குப் பதில் 'அட்' குறி, இன்னொன்றுக்குப் பதில் பூஜ்யம், அவ்வளவுதான் வித்தியாசம். யாருமே பயன்படுத்தாத இன்னொரு கணக்கும் உயிரோடு இருந்தது. அந்தக் கணினிகளிலிருந்து நோயாளிகளின் தரவுத்தளத்துக்கு ஒரு வழியும் திறந்தே கிடந்தது. அப்படித் திறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்றது குழு.

பூட்டு இல்லாமல் இல்லை. எந்தச் சாவி எந்தக் கதவைத் திறக்கும், அது யார் கையில் இருக்கிறது என்ற கணக்குதான் ஒழுங்காக இல்லை.

அந்தக் கணக்கை எடுப்பதற்கென்றே இன்றைய கணினிச் சேவைகளில் வசதி உண்டு. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் கேட்டுப் பதில் வாங்கும் முகப்புக்கு 'ஏபிஐ' என்று பெயர். மருந்தகத்தில் சீட்டை நீட்டினால் மருந்து வருகிறதல்லவா, அதுபோல. அமேசான் நிறுவனத்தின் மேகக் கணினிச் சேவையில் 'லிஸ்ட் பாலிசீஸ்' என்று ஒரு சீட்டு உண்டு. அதை நீட்டினால், யார் எதைச் செய்யலாம் என்று எழுதிவைத்த அனுமதி விதிகளின் பட்டியல் வரும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சிக்கல் அங்கேதான் ஆரம்பம். எண்ணிக்கை எதுவும் குறிப்பிடாவிட்டால், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100 விதிகள்தான் வரும். சில சமயம் அதற்கும் குறைவு. மீதம் இருக்கிறது என்பதற்குப் பதிலின் கடைசியில் ஓர் அடையாளம் இருக்கும். அதைக் கொடுத்து மறுபடி கேட்க வேண்டும். அது தெரியாதவர் முதல் பக்கத்தையே முழுப் பட்டியல் என்று நம்பிவிடுவார். அமேசானே எழுதிவைத்த ஆயத்த விதிகளும் கலந்து வரும். நாம் எழுதியவை மட்டும் வேண்டுமென்றால் அதைச் சொல்லிக் கேட்க வேண்டும். விதியின் பெயர் வருமே தவிர, விதியில் எழுதியிருப்பது வராது. 'பார்வைக்கு மட்டும்' என்று பெயர் வைத்த விதி அழிக்கும் உரிமையைக்கூடக் கொடுத்திருக்கலாம். உள்ளே இருப்பதைப் பார்க்க வேறொரு சீட்டு. ஒருவரின் கணக்கிலேயே நேரடியாக எழுதப்பட்ட விதிகளோ இந்தப் பட்டியலில் வரவே வராது. அவற்றைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் எங்கே தெரிந்துகொள்வது? கருவிக்கான விளக்கக் குறிப்பில்தான். மென்பொருள் எழுதுகிறவர்களுக்குக் குறிப்பு எழுதுவது என்றால் வேப்பங்காய். "அனுமதி விதிகளைப் பட்டியலிடும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்துபோய்விடுவார்கள். அந்த வரி பொய்யில்லை, ஆனாலும் ஆளைக் கவிழ்த்துவிடும். எது வரும் என்பதைவிட எது வராது என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பட்டியல் திருடன் கைக்குப் போனால் வீட்டின் வரைபடமே அவனிடம் போன மாதிரி. ஆகவே பட்டியலைக் கேட்கவும் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதி யாருக்கு என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். குறிப்பில் காட்டும் உதாரணங்களில் உண்மையான கணக்கு எண்ணைப் போடக்கூடாது.

சிங்ஹெல்த் சம்பவத்துக்காகத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019 ஜனவரியில் மொத்தம் ஒரு மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது. தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த ஐஹெச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளி, சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளி.

தூங்கிக்கொண்டிருந்த அந்தக் கணக்கு போன்றவை விதிகளின் பட்டியலை மட்டும் பார்த்தால் அகப்படாது. ஓர் அனுமதி இருக்கிறது என்று பட்டியல் சொல்லும். அது கடைசியாக எப்போது பயன்பட்டது என்று சொல்லாது. அமேசான் சேவையில் அதைக் காட்டத் தனி வசதி இருக்கிறது. பட்டியலின் விளக்கக் குறிப்பு எழுதுகிறவர் அந்த வசதியின் பெயரையும் பக்கத்திலேயே எழுதிவைத்தால், படிப்பவர் அதையும் தேடிப் பார்ப்பார்.