பழைய காரின் உள்வேலை

பழைய மோட்டார் வண்டி ஒன்றை ஆசையோடு வாங்கி, எஞ்சினைச் சீர்ப்படுத்தி, டிங்கர் வேலையை முடித்து, வர்ணமும் பூசி நிறுத்திவிட்ட அன்பர்களில் பெரும்பாலோர், இனி மிஞ்சியிருப்பது சீட்டு உறை தைக்கும் சில்லறை வேலைதான் என்று எண்ணிக் குஷன் கடைக்காரரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். ஆனால் வண்டிக்குள் அமர்ந்திருப்பவரின் கண்ணும் கையும் முதுகும் பிரயாணம் முழுவதும் சம்பந்தப்பட்டிருப்பது அந்த உள்வேலையோடுதான். வெளியே பூசிய வர்ணத்தைத் தெருவில் போகிறவர்களே அதிகமாக அனுபவிக்கிறார்கள். ஆதலின், சிரத்தை குறையக்கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது இந்தக் கடைசிக் கட்டமே.

திண்டுக்கல்காரருக்கு இவ்விஷயத்தில் பிரத்தியேகமான ஆசை ஒன்று எழுவது சகஜம். பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் தலைமுறை தலைமுறையாகப் பதனிடும் தொழில் நடந்துவந்த ஊர் இது. சுண்ணாம்பில் ஊறவைத்து உரோமம் நீக்கிய தோலை, முதலில் இளஞ்சாற்றிலும் பிறகு படிப்படியாகக் கடுஞ்சாற்றிலுமாக ஆவாரம்பட்டை, வாட்டில்பட்டை முதலியவற்றின் சாற்றில் கிடத்தி, முடிவில் கடுக்காய் நீர் காட்டி எடுக்கும் பழைய முறையில் பதனிட்ட சரக்கு, 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் கடல் கடந்து போயிற்று. 2008-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிற்காலத்தில் வந்த குரோம் முறை, பட்டைச் சாறு வாரக்கணக்கில் செய்த காரியத்தை ஓரிரு தினங்களில் முடித்தது. தோல் தொழிற்சாலைகளின் கழிவு நீரால் சுற்றுப்புறக் கிணறுகள் கெட்டதும், குடியானவர்கள் பட்ட கஷ்டமும் இத்தொழிலின் சரித்திரத்தோடு சேர்ந்தே சொல்லப்பட வேண்டியவை. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, தம்முடைய வண்டிக்குத் தோல் ஆசனம் போட ஒருவர் ஆசைப்படுவதில் ஆச்சரியமில்லை.

எனினும், பெரும்பாலான வண்டிகளுக்கு அது வேண்டாம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம். நம் பக்கத்தில் அன்பர்கள் தேடிப்பிடித்து வளர்க்கும் வண்டிகள் எவை? 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பம்பாயிலிருந்து வந்த ஃபியட் 1100, கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் பிறந்து 2014 வரை ஓயாமல் உற்பத்தியான அம்பாஸடர் ஆகியவைதாம். இவை மத்தியதரக் குடும்பங்களுக்கென்று அமைந்தவை. ரெக்சின் ஆசனத்தோடு வெளிவந்தவை. அதே அழுத்தக் குறிகளும் அதே பைப்பிங்கும் கொண்ட ரெக்சினைத் தேடிப் போடுவதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை. சுதந்திரத்துக்கு முற்பட்ட ஆங்கிலேய வண்டியானால் விஷயம் வேறு; அவற்றிலுங்கூட உடம்பு படும் பாகத்துக்குத் தோலும், பக்கங்களுக்கும் முதுகுப்புறத்துக்கும் தோல்போன்ற பூச்சுத் துணியுமாக அமைப்பதே பல கம்பெனிகளின் வழக்கம். அங்கே தோல் வேண்டும். ஆனால் ஆட்டுத்தோல் மெலிந்தது, பட்டையில் பதனிட்ட தோலோ வெயிலில் கறுத்து விறைக்கும் சுபாவமுடையது. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 60 பாகை உஷ்ணம் எளிதில் எட்டிவிடுமாதலால், அந்தச் சூட்டைத் தாங்கி வளைந்து கொடுக்கும் குரோம் பதனிட்ட மாட்டுத்தோலே உசிதம்.

1989-இன் மோட்டார் வாகன விதிகளில் 2021-ல் செய்யப்பட்ட திருத்தம், முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து, சேஸிஸ், கூடு, எஞ்சின் ஆகியவை பெரிதும் மாற்றப்படாத வண்டிகளுக்கு 'வின்டேஜ்' என்ற தனி அந்தஸ்தை அளிக்கிறது. அந்தப் பட்டியலில் உள்வேலை இல்லை; ஆகையால் அதில் அத்தகைய நேர்மையை வண்டியின் சொந்தக்காரரே தமக்கு விதித்துக்கொள்ள வேண்டும். கோயம்புத்தூரில் 2015-ல் திறக்கப்பட்ட ஜீடீ கார் காட்சிசாலைக்கு ஒருமுறை போய்வந்தால், உள்ளே எது எப்படி இருந்தது என்பது கண்ணில் பதியும்.

வேலையின் வரிசை முக்கியம். ஒயரிங் முடிந்தபின் முதலில் கூரை லைனிங், அப்புறம் கதவு பேட், பிறகு தரைவிரிப்பு, கடைசியில் சீட்டு. கூரை லைனிங்கை வளைகம்பிகளில் கோத்து, நடுவிலிருந்து முன்னும் பின்னும் இழுத்து, ஓரங்களைக் கண்ணாடி ரப்பருக்கு அடியில் செலுத்த வேண்டியிருப்பதால், கண்ணாடி மாட்டுமுன்பே அது முடிந்தாக வேண்டும். ரெக்சின் லைனிங்கைச் சற்று வெயிலில் காயவைத்து இளகச் செய்து இழுத்தால் சுருக்கம் விழாது. இந்த ஒரு காரியத்துக்கு நம்மூர்ச் சூரியனைப் போன்ற சகாயன் வேறில்லை.

கதவு பேட் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடியின் ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். இறங்கி, அடிவிளிம்புத் துவாரங்களின் வழியே வெளியேறிவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. அத்துவாரங்களைப் பெயின்டு அடைத்திருந்தாலோ, கதவின் தகட்டுக்கும் ஹார்டுபோர்டுக்கும் நடுவே பாலிதீன் தாள் ஒட்டாமல் விட்டாலோ, எவ்வளவு அழகாக ரெக்சின் இழுத்து ஒட்டிய பேட்டும் ஒரே மழைக்காலத்தில் ஊறி உப்பிப்போகும். பார்வைக்கு வராத இந்தத் தாள் வாங்க ஆகும் செலவு அற்பம். அதைத்தான் அநேகமாக மறந்துவிடுகிறார்கள்.

சீட்டிலும் அந்தரங்கமே பிரதானம். பழைய உறையைக் கிழித்தெறியாமல் தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் இடம் வலம் குறித்து வைத்துக்கொண்டால் அதுவே புது உறைக்கு அளவுப் பிரதியாகும். ஸ்பிரிங்குகளில் அறுந்ததை மாற்றி, துருவைச் சுரண்டி, மேலே சாக்குத் துணி பரப்பி, அதன்மேல் ரப்பர்ப்பால் சேர்த்து அழுத்திய தென்னைநார்ப் பலகை, அதற்கும் மேல் மெல்லிய ஃபோம் என்று அடுக்குவது நல்ல முறை. முழுவதையும் ஃபோமாகப் போட்டால் முதல் மாதம் சுகமாக இருக்கும். பிறகு அமுங்கி, வியர்வையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தென்னைநாருக்குள் காற்று உலவும். ஜெர்மானியரின் வோக்ஸ்வாகன் பீட்டில் வண்டிகளிலும் இந்நாரே மெத்தையாக இருந்தது. வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைப் பார்த்து வளர்ந்த நாம் அதை மட்டமாக நினைப்பது நியாயமன்று. ரெக்சினில் தையலை நெருக்கிப் போட்டால் தபால்தலையின் ஓரம்போல் அவ்வழியே கிழிந்துவிடும்; கனத்த நைலான் நூலில் சற்றே எட்டித் தைக்கும்படி மேஸ்திரியிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சமவெளிக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது. ஆகையால் கூரை வேலையைச் சித்திரை வைகாசியில் முடித்து, கண்ணாடி மாட்டிய பின் ஹோஸ் குழாயால் ரப்பர் ஓரமெங்கும் நீர் பாய்ச்சி, ஒழுகும் இடங்களை அடைத்துவிட்டு, அதன் பிறகே தரைவிரிப்பை விரித்துச் சீட்டுகளை முடுக்கினால், புரட்டாசி முடிவதற்குள் வண்டி மழைக்குத் தயாராகிவிடும்.